எட்டுக்கால் இருந்தால் சிலந்தி ஆகிவிடுமா?

"சிலந்தி கடித்துவிட்டது" என்று வருபவர்களில் சிலர் கையோடு ஒரு பாட்டிலையும் கொண்டுவருவார்கள். தோல் மருத்துவரான நான் புண்ணைப் பார்த்த கையோடு பாட்டிலையும் வாங்கிப் பார்ப்பேன். பல முறை உள்ளே இருப்பது சிலந்தியே இல்லை.

சிலந்திக்கே எட்டுக்கால் பூச்சி என்று பெயர் வைத்துவிட்டோம். அதனால் காலை எண்ணியதும் முடிவுக்கு வந்துவிடுகிறோம். தேளுக்கும் உண்ணிக்கும்கூட எட்டுக் கால்தானே! பார்க்க வேண்டியது இடுப்பை.

சிலந்தியின் உடல் இரண்டு பாகம், நடுவே ஒடுங்கிய இடுப்பு. ஓபிலியோன் என்ற நெடுங்கால் உயிரிக்கு அந்த இடுப்பு இல்லை. ஒரு சிறு மணிக்குக் கால் முளைத்ததுபோல உடல் ஒரே உருண்டையாக இருக்கும். லென்ஸ் இருந்தால் கண்ணையும் பாருங்கள்: பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டு, இதற்கு முதுகு மேட்டில் இரண்டே இரண்டு. இதில் மட்டும் 6,500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஒன்றுகூட வலை பின்னாது, நூல் சுரப்பியே கிடையாது. ஆகவே மூலையில் கலைந்த வலையில் தலைகீழாகத் தொங்கி, தொட்டதும் உடலைக் கிடுகிடுவெனச் சுழற்றுகிற நீளக்கால்காரர் நிஜமான சிலந்திதான், ஃபோல்சிடே குடும்பம்.

"உலகிலேயே கொடிய விஷம் இதற்குத்தான், பல் சின்னது என்பதால் தப்பித்தோம்" என்று இந்த இரண்டு நீளக்கால்காரர்களில் எதைக் கண்டாலும் படித்தவர்களே சொல்கிறார்கள். ஓபிலியோனுக்கு நஞ்சுச் சுரப்பியே இல்லை. ஃபோல்சிடே சிலந்திக்கு நஞ்சு உண்டு, ஆனால் அது மனிதருக்கு ஆபத்து என்பதற்குச் சான்று இல்லை.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. ஒருவர் காலில் சிவந்த வீக்கம். பாட்டிலில் ஓபிலியோன். விஷம் தானாக இறங்கும் என்று நான்கு நாள் காத்திருந்திருக்கிறார். உண்மையில் அது தோலுக்கடியில் பரவிய பாக்டீரியா தொற்று. முதல் நாளே வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும்; கடைசியில் ஊசி மருந்து தேவைப்பட்டது.

எல்லாச் சிலந்தியும் சாது என்று சொல்லவில்லை. விதவைச் சிலந்தி போன்ற சில வகைகளின் கடிக்கு மருத்துவம் அவசியம். ஆனால் கடித்ததைக் கண்ணால் பார்த்தீர்களா என்று முதலில் யோசியுங்கள். வீக்கம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, எது கடித்தது என்று தேடிக்கொண்டிருக்காமல் உடனே வாருங்கள்.

அப்புறம், ஓபிலியோனைக் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். கால் கழன்று உங்கள் கையில் துடிக்கும், அதற்கு மறுபடி முளைக்காது. படம் போதும். பக்கவாட்டில் எடுங்கள், இடுப்பு தெரியட்டும்.