காது மெத்தைக்குள் அடைபட்ட காற்று

அக்கா மகன் போன மாதம் இரண்டு ஹெட்ஃபோன்களின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கையோடு போனும் செய்தான். "மாமா, ரெண்டும் 5,000 ரூபாய்க்குள்ளதான். ஒண்ணுல 50 எம்எம் டிரைவர், இன்னொண்ணுல 40 எம்எம். 50தானே பாஸ் நல்லா அடிக்கும்?"

அவன் கேட்பதெல்லாம் உருமி மேளம், கானா, அப்புறம் அடிவயிற்றில் இறங்குகிற எலெக்ட்ரானிக் இசை. கேள்வி நியாயமானதுதான். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது அந்த எண்ணைத்தானே. ஆனால் ஹெட்ஃபோனில் பாஸ், அதாவது தாழ்ந்த அடி ஒலி, எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால், டிரைவரின், அதாவது அதிர்ந்து ஒலியெழுப்பும் சவ்வுப் பகுதியின், அகலம் வெகு பின்னால்தான் வரும். முதல் இடம் காதைச் சுற்றி உட்காருகிற மெத்தைக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தபோது என் க்ளோஸ்டு-பேக் ஹெட்ஃபோனை, அதாவது பின்பக்கம் முழுக்க மூடிய கிண்ணங்கள் கொண்டதை, அவன் தலையில் மாட்டிவிட்டேன். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப்பை, அதாவது நாம் கேட்கிற தனிச் சுருதியை மட்டும் ஒலிக்கிற ஆப்பை, திறந்து 40 ஹெர்ட்ஸ் வைத்தேன். பேஸ் கிதாரின் மிகத் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிரும். ஏறக்குறைய அந்தச் சுருதி. "கேக்குது மாமா, ஆனா லேசா" என்றான். "கண்ணாடியைக் கழற்று" என்றேன். கழற்றியதும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். அதே ஹெட்ஃபோன், அதே வால்யூம். மாறியது ஒன்றுதான். கண்ணாடிக் கம்பி மெத்தையை லேசாகத் தூக்கி வைத்திருந்த அந்தச் சின்ன இடைவெளி அடைபட்டுவிட்டது. மறுபடி கண்ணாடியை மாட்டினான், பாஸ் போனது. கழற்றினான், வந்தது. பத்துத் தடவையாவது செய்து பார்த்திருப்பான்.

ஏன் இப்படி? சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வாயைக் கட்டைவிரலால் இறுக்கி மூடிவிட்டுக் கைப்பிடியை அழுத்தினால், மெதுவாக அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் விரலில் அழுத்தம் தெரியும். இப்போது விரலைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். மெதுவாக அழுத்தினால் காற்று ஓரமாக நழுவிப் போய்விடும், விரலில் ஒன்றும் தெரியாது. படாரென்று அழுத்தினால் மட்டும், காற்று வெளியேற நேரம் கிடைக்காததால், அழுத்தம் எகிறும். ஹெட்ஃபோனில் நடப்பதும் இதுவே. பாஸ் என்பது மெதுவான அழுத்தல், 40 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு வெறும் 40 தடவை. ஜால்ராவின் கிணுகிணுப்பு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. மெத்தையில் கசிவு இருந்தால் மெதுவானது நழுவிவிடும், வேகமானது காதுக்குள் நிற்கும். அதனால்தான் சரியாகப் பொருந்தாத ஹெட்ஃபோனில் பாஸ் மட்டும் காணாமல் போய், பாட்டு தகர டப்பாவில் வருவது மாதிரி கேட்கிறது.

இதில் எனக்கு இன்றைக்கும் வியப்புத் தீராத விஷயம் ஒன்று உண்டு. கல்யாண மண்டபத்தில் பாஸ் அடிக்க ஆளுயரப் பெட்டிகளை அடுக்குகிறார்கள். காதில் மாட்டிய 40 மில்லிமீட்டர் சவ்வு அதே வேலையை எப்படிச் செய்கிறது? காற்றில் 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். மெத்தைக்கும் காதுக்கும் நடுவே அடைபட்ட காற்றோ அரை டம்ளர் கூட இருக்காது. அவ்வளவு சின்ன இடத்தில் 'அலை' என்று ஒன்று ஓடுவதே இல்லை. உள்ளிருக்கும் காற்று மொத்தமும் ஒரே சேர அமுங்கி, ஒரே சேர விரிகிறது. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 94 டெசிபல் சத்தம் என்பது 1 பாஸ்கல் அழுத்தம். வளிமண்டல அழுத்தம் சுமார் 1,01,325 பாஸ்கல். மெத்தைக்குள் 60 மில்லிலிட்டர் காற்று அடைபட்டிருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த 1 பாஸ்கலை உண்டாக்க 40 மில்லிமீட்டர் சவ்வு ஏறக்குறைய அரை மைக்ரோமீட்டர் அசைந்தால் போதும். தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை! அதே சவ்வைத் திறந்த வெளியில் வைத்து, 1 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 40 ஹெர்ட்ஸில் அதே சத்தம் கேட்க வேண்டுமானால், அது முன்னும் பின்னும் பத்து சென்டிமீட்டருக்கு மேல் போய்வர வேண்டும். நடக்கிற காரியமில்லை. அடைபட்ட காற்றுதான் இந்தச் சின்னச் சவ்வுக்கு அத்தனை பலத்தைக் கொடுக்கிறது. காற்று அடைபடாவிட்டால் 50 மில்லிமீட்டர் இருந்தும் பயனில்லை.

சரி, பின்பக்கத்தை ஏன் மூட வேண்டும்? சவ்வு முன்னால் தள்ளும்போது பின்னால் வெற்றிடம் மாதிரி ஒரு இழுப்பு உண்டாகிறது. இரண்டும் நேர் எதிர். ஓட்டை வழியாகச் சந்தித்துக்கொண்டால் ஒன்றையொன்று அடித்துவிடும், அதிலும் முதல் அடி பாஸுக்குத்தான். 1968-இல் சென்ஹைசர் எச்டி 414 என்ற ஹெட்ஃபோனோடு, பின்பக்கம் திறந்த ஓப்பன்-பேக் வகை பிரபலமானது. இசை தலைக்குள் அடைந்து கிடக்காமல் வெளியே விரிந்து கேட்பதுபோல் இருக்கும், உண்மையிலேயே அழகான அனுபவம். ஆனால் அந்த வகையில், அதுவும் குறைந்த விலையில், அடிப்பகுதி பெரும்பாலும் மெலிந்துதான் கிடைக்கும். பேருந்திலும் விடுதி அறையிலும் வெளிச்சத்தம் வேறு உள்ளே வரும்.

மூடிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. பின்னால் அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். கிண்ணம் சின்னதாக இருந்தால் அந்த ஸ்பிரிங் விறைப்பாகிச் சவ்வைத் தடுக்கும், சவ்வின் இயல்பான அதிர்வெண் மேலே ஏறிவிடும். அதனால்தான் பல மூடிய ஹெட்ஃபோன்களின் கிண்ணத்தில் ஊசி முனை அளவுக்குத் துளைகளைப் பார்க்கலாம். அது உற்பத்திக் குறையல்ல, பாஸ் இந்த அளவுக்கு வர வேண்டும் என்று பொறியாளர் அளந்து போட்டது. அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி அலங்காரம் செய்துவிடாதீர்கள்.

மலிவு விலை ஹெட்ஃபோன்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நாம் பாஸ் என்று ஒரே சொல்லால் சொல்வதில் இரண்டு விஷயங்கள் உண்டு. 20 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை ஆழமான பாஸ். இதைக் கேட்பதை விட உணர்வதுதான் அதிகம். ஐந்து கம்பி பேஸ் கிதாரின் கடைசிக் கம்பி (31 ஹெர்ட்ஸ்), 1980-இல் ரோலண்ட் வெளியிட்ட டிஆர்-808 டிரம் மெஷினின் நீண்டு இழுக்கும் கிக், இவையெல்லாம் இந்தப் பக்கம். அதற்கு மேலே 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை 'திம்' என்று இடிக்கிற பகுதி. ஆண்குரலின் அடிச் சுருதியும் பெரும்பாலும் இதையொட்டித்தான் இருக்கிறது. ஆழமான பாஸைக் கொண்டுவர நல்ல மெத்தை, நல்ல சவ்வு, கச்சிதமான அடைப்பு எல்லாம் வேண்டும், செலவு பிடிக்கும். 150 ஹெர்ட்ஸைத் தூக்கிவிடுவது சுலபம். 'எக்ஸ்ட்ரா பாஸ்' என்று விற்பதில் பலவும் இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்கின்றன. கடையில் இரண்டு நிமிடம் கேட்டால் அசத்தும். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கேட்டால், பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவது மாதிரி இருக்கும்.

உருமியை வைத்துச் சோதித்தால் இந்த வித்தியாசம் நன்றாகப் பிடிபடும். அதன் ஒரு முகத்தில் வளைந்த குச்சியால் தேய்க்கும்போது ஒரு முனகல் எழும், தேய்ப்புக்கு ஏற்ப அது ஏறி இறங்கும். நல்ல ஹெட்ஃபோனில் அந்த ஏற்ற இறக்கத்தை அடி வரைக்கும் பின்தொடரலாம். 150 ஹெர்ட்ஸ் பக்கத்தை மட்டும் தூக்கிய ஹெட்ஃபோனில் ஏதோ ஒரே இடத்தில் நின்று உறுமுவது போலக் கேட்கும்.

நம் மூளையும் இதில் ஒரு வேலை செய்கிறது. போனின் சின்ன ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வரவே வராது, ஆனாலும் பேஸ் கிதாரின் மெட்டு நமக்குப் புரிகிறது. 82, 123 என்று அதன் மடங்குகள் காதில் விழுவதால், அடிச் சுருதி இதுவாகத்தான் இருக்கும் என்று மூளையே நிரப்பிக்கொள்கிறது. அதனால் பாட்டைப் போட்டுக் கேட்டால் ஹெட்ஃபோன் உண்மையில் எது வரை இறங்குகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். மடங்குகள் இல்லாத தனிச் சுருதியை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெட்டியில் '15 - 20,000 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருப்பதை நம்பலாமா என்று அடுத்து கேட்டான். அந்த எல்லைகளில் சத்தம் எத்தனை டெசிபல் குறைகிறது என்று சொல்லாதவரை அந்த எண்களுக்குப் பொருளில்லை. 15 ஹெர்ட்ஸில் ஈனஸ்வரத்தில் முனகினாலும் அப்படி எழுதிக்கொள்ளலாம். பெட்டியில் பார்க்க வேண்டிய எண் ஓம், அதாவது ஹெட்ஃபோனின் மின்தடை. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ என்ற ஹெட்ஃபோன் 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாகக் கிடைக்கிறது. 250 ஓம் வகைக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் பல போன்களில் சத்தம் போதாமல் போகலாம். போனில் மாட்டிக் கேட்பவர்கள் 32-இலிருந்து 50 ஓம் வரை பார்த்தால் போதும். ஆடியோ-டெக்னிக்கா ஏடிஹெச்-எம்20எக்ஸ் 47 ஓம். அதில் இருப்பது 40 மில்லிமீட்டர் டிரைவர்தான். ஸ்டுடியோக்களில் 1991 முதல் புழங்கும் சோனி எம்டிஆர்-7506-இலும் 40 மில்லிமீட்டர்தான்.

சமமான ஒலி தருகிற, அதாவது எந்தப் பகுதியையும் தூக்காத ஹெட்ஃபோன், பாஸ் பிரியர்களுக்கு உப்பில்லாத சாப்பாடு மாதிரி இருக்கும். இது ரசனைக் குறைவு இல்லை. காதின் இயல்பே அப்படி. 1933-இலேயே ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள். 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலில் கேட்கிற ஒலிக்குச் சமமாக 50 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமென்றால், 30 டெசிபலுக்கும் மேல் கூடுதலாகத் தர வேண்டும். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் 2012 வாக்கிலிருந்து பலரை உட்கார வைத்துச் சோதித்தபோதும், பெரும்பாலோர் சமமானதை விடக் கொஞ்சம் பாஸ் கூடியதையே விரும்பினார்கள்.

அந்தக் கூடுதலைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பதுதான் பட்ஜெட் போடுகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது. போனில் உள்ள ஈக்வலைசரில், அதாவது ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கிற அமைப்பில், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் 4 முதல் 6 டெசிபல் ஏற்றுங்கள். மொத்த அளவை அதே 6 டெசிபல் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒலி மேலே முட்டிக் கரகரக்கும். 6 டெசிபல் ஏற்றுவது என்றால் சவ்வு இரண்டு மடங்கு அசைய வேண்டும். நல்ல சவ்வு தாங்கும், மோசமானது பிசிறடிக்கும். ஆகவே தேட வேண்டியது, ஏற்றினால் தாங்குகிற, நன்றாக அடைபடுகிற ஹெட்ஃபோனைத்தான். வயர் உள்ளதாக வாங்கினால் இன்னும் நல்லது. பேட்டரிக்கும் ப்ளூடூத் சிப்புக்கும் போகிற காசு டிரைவருக்கும் மெத்தைக்கும் போகும். போனில் ஜாக் இல்லையென்றால் ஒரு யுஎஸ்பி-சி டாங்கிள் போதும்.

மெத்தையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரெக்ஸின் மெத்தை காற்றை அடைக்கும், பாஸ் நிற்கும். வெல்வெட் மாதிரித் துணி மெத்தை நம் வெயிலுக்கு இதமாக இருக்கும், ஆனால் காற்று ஊடுருவுவதால் பாஸ் இறங்கும். ரெக்ஸினுக்கு வேறு பிரச்சினை. அதன் மேற்பூச்சு பாலியூரித்தேன். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் அது சிதைந்து உரியும். நான் முன்பு வைத்திருந்த ஒரு ஹெட்ஃபோன் மூன்றாவது கோடையில் காதோரமெல்லாம் கறுப்புப் பொடியாக உதிர்த்தது. பாஸ் குறைந்ததும் டிரைவர் போய்விட்டது என்று நினைத்து ஒரு வருடம் அலமாரியில் போட்டுவிட்டேன். பிறகு சில நூறு ரூபாய்க்குப் புது மெத்தை வாங்கி மாட்டினால், பாஸ் முழுதாகத் திரும்பி வந்து நின்றது. அன்றிலிருந்து, மெத்தை தனியாகக் கிடைக்காத ஹெட்ஃபோனை நான் யாருக்கும் சொல்வதில்லை. காதின் மேல் உட்காருகிற சின்ன வகையையும் சொல்வதில்லை. காது மடலின் மேடு பள்ளத்தில் அது ஒரே மாதிரி அடைபடாது.

பேருந்தில் கேட்பவர்களுக்கு இன்னொன்று. மூடிய கிண்ணம் வெளியிலிருந்து வரும் கீச்சொலிகளை நன்றாகத் தடுக்கும், இன்ஜினின் அடி உறுமலை அவ்வளவாகத் தடுக்காது. அந்த உறுமல் விழுங்குவது சரியாகப் பாட்டின் பாஸைத்தான். உடனே கை வால்யூமுக்குப் போகும், பாஸோடு சேர்ந்து மற்றதெல்லாமும் ஏறும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபல் வரை போகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். போன காது திரும்பாது, மெத்தையைப் போல மாற்றவும் முடியாது. பேருந்தில் பாஸைத் தேடாதீர்கள், வீட்டில் கேளுங்கள்.

அடுத்த சனிக்கிழமை அவனோடு கடைக்குப் போனேன். 100 ஹெர்ட்ஸில் தொடங்கி 80, 60, 50, 40, 30 என்று ஒவ்வொரு ஹெட்ஃபோனிலும் இறக்கிக் கேட்டான். ஒவ்வொரு முறையும் கண்ணாடியோடு ஒரு தடவை, கண்ணாடி இல்லாமல் ஒரு தடவை. தலையை ஆட்டினான், வாயைத் திறந்து மூடினான், அடைப்பு விலகுகிறதா என்று பார்த்தான். அவன் படம் அனுப்பிய 50 மில்லிமீட்டர் ஜோடி கண்ணாடி போட்டதும் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிட்டது. மெத்தை தடிமனாக, மெத்தென்று கம்பியைச் சுற்றி அமுங்கிய இன்னொன்று, கண்ணாடியோடும் 40 வரை இறங்கியது. அதைத்தான் வாங்கினான். பில் போடும்போதுதான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். 40 மில்லிமீட்டர்.