பல் உடையாத சர்வோ ஏன் கருகியது?

காவேரிப்பட்டணம் பக்கம் சில பள்ளி மாணவர்கள் போன மாம்பழப் பருவத்தில் ஒரு ரோபோ கை செய்தார்கள். பெல்ட்டில் வரும் பெங்களூரா மாங்காயை எடுத்துக் கூடையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. மாம்பழக் கூழ் ஆலைகள் நிறைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு யோசனை வந்ததில் வியப்பில்லை. சனிக்கிழமைகளில் நான் அவர்களுக்கு உதவப் போவேன். முதல் வாரத்திலேயே விரல்களை இறுக்கும் சின்ன சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி அங்கேயே நிற்கும் மோட்டார்) கிர்ரென்று வெறுமனே சுற்றி ஓய்ந்துவிட்டது. திறந்து பார்த்தால் பிளாஸ்டிக் கியரில் நாலு பல்லைக் காணோம். சரி, மெட்டல் கியர் போடலாம் என்று மாற்றினோம். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் கருகல் வாடை. இந்த முறை ஒரு பல்கூட உடையவில்லை, எல்லாம் புதுசுபோலப் பளபளத்தன. மோட்டார்தான் வெந்துபோயிருந்தது.

மெட்டல் கியர் என்றால் உழைக்கும் என்று நம்பித்தான் எல்லோரும் வாங்குகிறோம். அந்த நம்பிக்கை பாதி சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள சர்வோவின் உள்ளே போக வேண்டும்.

அந்தத் தீப்பெட்டி அளவுப் பெட்டிக்குள் ஒரு டிசி மோட்டார், ஒரு கியர் வரிசை, ஒரு குட்டி சர்க்யூட், அப்புறம் ஒரு பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் வால்யூம் திருகுக்குப் பின்னால் இருக்குமே, அதே பொருள்தான். அர்டுயினோ போன்ற, நிரல் எழுதி ஓட்டும் சின்ன போர்டு 20 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை ஒரு மின் துடிப்பை அனுப்புகிறது. அந்தத் துடிப்பு 1.5 மில்லி செகண்ட் நீளம் என்றால் ‘நடுவில் நில்’ என்று பொருள். 1 மில்லி செகண்டாகக் குறைந்தால் ஒரு பக்கம், 2 மில்லி செகண்டாக நீண்டால் மறுபக்கம். தண்டு இப்போது எங்கே நிற்கிறது என்பதை, தண்டோடு சேர்ந்து திரும்பும் பொட்டென்ஷியோமீட்டர் சொல்கிறது. சொன்ன இடமும் நிற்கும் இடமும் ஒன்றாகும் வரை சர்க்யூட் மோட்டாரைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

நாற்பத்து நாலாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையோரம் லாரியைப் பின்னுக்கு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கிளீனர் பின்னால் நின்று ‘வரட்டும், வரட்டும்’ என்கிறார். இடம் வந்ததும் ‘போதும்’ என்கிறார். பொட்டென்ஷியோமீட்டர்தான் அந்தக் கிளீனர். கிளீனர் ஒரு நொடி ‘வரட்டும்’, மறுநொடி ‘போதும்’ என்று மாற்றி மாற்றிக் கத்தினால் லாரி முன்னும் பின்னுமாகத் துள்ளும். சர்வோ நடுங்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். உள்ளே இருக்கும் கரித் தடம் தேய்ந்தாலோ தூசி ஏறினாலோ அளவு தாவுகிறது, கை உதறுகிறது. கியர் இரும்பாக இருந்தாலும் பித்தளையாக இருந்தாலும் இந்த உதறலுக்கு அது மருந்தாகாது.

இப்போது கியருக்கு வருவோம். சிறிய சர்வோக்களில் அதிகம் புழங்கும் எம்ஜி90எஸ் வகைக்கு 4.8 வோல்ட்டில் 60 டிகிரி திரும்ப 0.1 நொடி என்று விவரத்தாள் சொல்கிறது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 100 சுற்று. உள்ளே இருக்கும் மோட்டாரோ ஆயிரக்கணக்கில் சுற்றக்கூடியது. வேகத்தை இத்தனை மடங்கு குறைக்கும்போது முறுக்கு விசை ஏறக்குறைய அத்தனை மடங்கு கூடுகிறது. ஆகவே மோட்டாருக்குப் பக்கத்துப் பல் வேகத்தைத் தாங்குகிறது, வெளித்தண்டின் பல் பாரத்தைத் தாங்குகிறது. ரோபோ கை மேசையில் இடிக்கும்போது அந்த அதிர்ச்சியெல்லாம் கடைசிப் பல்லில்தான் இறங்கும். உலோகம் உண்மையாகவே உதவுகிற இடம் இது. நடக்கும் ரோபோவின் கால், அடிக்கடி முட்டும் கை, சுமை திடீரென ஏறும் மூட்டு ஆகியவற்றுக்கு மெட்டல் கியர் கட்டாயம் வேண்டும். கேமராவை மெல்லத் திருப்புவதற்கு 9 கிராம் பிளாஸ்டிக் எஸ்ஜி90 போதும். சத்தமும் குறைவு, விலையும் குறைவு.

வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது ‘எத்தனை கிலோ?’ என்பதுதான். சரியான அலகு கிலோ-சென்டிமீட்டர். தண்டின் மையத்திலிருந்து 1 செ.மீ தள்ளி எத்தனை கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். 10 செ.மீ தள்ளிப் போனால் தாங்குவது பத்தில் ஒரு பங்கு. எம்ஜி90எஸ்ஸுக்கு 6 வோல்ட்டில் 2.2 என்று போட்டிருப்பார்கள். அப்படியானால் 10 செ.மீ கையின் நுனியில் 220 கிராம். அதுவும், இதற்கு மேல் அசையாது என்று மோட்டார் திணறி நின்றுவிடும் எல்லை. அந்த எல்லையில் வேலை வாங்கக் கூடாது. அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் சுமையை வைப்பது என் வழக்கம், அவசரத்துக்குப் பாதி.

எங்கள் மாங்காய் 400 கிராம். தோள்மூட்டிலிருந்து 15 செ.மீ தள்ளிப் பிடித்தால் 6 கிலோ-சென்டிமீட்டர். கையின் சொந்த எடையையும் சேர்த்தால் 7-ஐத் தாண்டியது. எம்ஜி996ஆர் வகைக்கு 4.8 வோல்ட்டில் 9.4 என்று இருப்பதால் ‘தாங்கும் சார்’ என்றார்கள் பிள்ளைகள். தாங்கும், சூடேறிக்கொண்டே தாங்கும். கையை 9 செ.மீட்டராகக் குறைத்தோம், சுமை 4.3 ஆனது. அப்புறம் ஒரு மாணவி, அவள் தாத்தா சொன்ன கிணற்று ஏற்றத்தை நினைவுபடுத்தி, தோளுக்குப் பின்புறம் 10 செ.மீ தள்ளி 150 கிராம் நட்டு போல்ட்டுகளைக் கட்டினாள். சுமை 3-க்குக் கீழே இறங்கியது. பெரிய சர்வோ வாங்கும் செலவு மிச்சம். எனக்கு அன்று முழுவதும் அந்த மகிழ்ச்சி போகவில்லை.

கடையில் எதைப் பார்ப்பது? ஒரே மாடல் பெயரில் பல ஆலைகளின் சரக்கு சந்தையில் வருகிறது, ஸ்டிக்கரை நம்ப முடியாது. நாங்கள் நம்புவது தராசை. எஸ்ஜி90 ஏறக்குறைய 9 கிராம், எம்ஜி90எஸ் 13.4 கிராம், எம்ஜி996ஆர் 55 கிராம். கிராமின் பின்னத்தைக் காட்டும் சின்ன நகைத் தராசு ஒன்று இருந்தால் போதும். மெட்டல் கியர் என்று விற்கப்பட்டது 10 கிராம்தான் இருந்தால், உள்ளே உலோகம் குறைவு. சிலவற்றில் ஒரே ஒரு கியர் மட்டும் பிளாஸ்டிக்காக ஒளிந்திருக்கும். அடியில் உள்ள நான்கு திருகையும் கழற்றி, மேல்மூடியைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். தண்டின் மேல் பொருத்தும் பிளாஸ்டிக் கொம்பை மாட்டி விரலால் மெதுவாக இப்படியும் அப்படியும் அசைத்து, பற்களுக்கு நடுவே எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்றும் பார்ப்பேன். முரட்டுத்தனமாகத் திருப்பிவிடக் கூடாது. 360 டிகிரி என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் ஓயாமல் சுற்றும் வகை, கோணத்தில் நிற்காது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்பி ரோடு வரை பஸ்ஸில் போய் அவசரத்தில் இதை மாற்றி வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கி வந்த சர்வோவைக் குறை சொல்லும் முன் மின்சாரத்தைப் பாருங்கள். பழைய யூஎஸ்பி போர்ட்டுகள் தருவது 500 மில்லி ஆம்பியர். எம்ஜி996ஆர் திணறி நிற்கும்போது 6 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் கேட்கும். அர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுத்தால் மின்னழுத்தம் சரிந்து போர்டே அணைந்து எழும், பழி சர்வோ மேல் விழும். தனி பவர் சப்ளை கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் (மைனஸ் கம்பியையும்) ஒன்றாக இணையுங்கள். பக்கத்தில் ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தால் நல்லது. விவரத்தாள்களில் வரும் 4.8 வோல்ட், 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல் நான்கின் கூட்டுத்தொகை. ஐந்து செல் என்றால் 6. இரண்டு லித்தியம் செல்லைத் தொடராகப் போட்டால் முழு சார்ஜில் 8.4 வோல்ட் வரும், 6 வோல்ட் சர்வோ அதைத் தாங்காது.

இனி எங்கள் கருகிய மோட்டார். நிரலில் விரல்களுக்கு ‘முழுதாக மூடு’ என்று எழுதியிருந்தார்கள். மாங்காய் நடுவில் இருப்பதால் விரல் முழுதாக மூடவே முடியாது. கிளீனர் ‘இன்னும் வரலை, வரட்டும்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், பின்னால் சுவர். சுழலாமல் நிற்கும் மோட்டாரில் உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகிறது. பெரிய எம்ஜி996ஆராக இருந்தால் அது 15 வாட், சிறிய சால்டரிங் அயர்னுக்குச் சமீபம். முதலில் போட்டிருந்த பிளாஸ்டிக் கியர் பல்லை விட்டு மோட்டாரைக் காப்பாற்றியது. மெட்டல் கியர் விட்டுக்கொடுக்கவில்லை, அதனால் மோட்டார் போயிற்று.

அர்டுயினோவின் சர்வோ நூலகம் (சர்வோவை ஓட்டும் ஆயத்த நிரல்) துடிப்பின் நீளத்துக்குத் தானாக எடுத்துக்கொள்ளும் எல்லை 544 முதல் 2400 மைக்ரோ செகண்ட். பல சர்வோக்களின் தண்டு அதற்கு முன்பே உள்ளே முட்டி நிற்கும். 0 அல்லது 180 டிகிரியில் ம்ம்ம் என்று முனகினால் இதே சூடுதான் நடக்கிறது. முனகல் நிற்கும் இடம்வரை எல்லையைச் சுருக்கிவிட வேண்டும்.

பிள்ளைகள் பழைய சைக்கிள் டியூபை வெட்டி விரல்களில் ஒட்டினார்கள். மாங்காயைத் தொடும் கோணத்தைக் கண்டுபிடித்து, அதற்கு மேல் 4 டிகிரி மட்டும் இறுக்கும்படி நிரலை மாற்றினார்கள். அடுத்த சனிக்கிழமை ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சர்வோவைத் தொட்டுப் பார்த்து நோட்டில் எழுதினோம். வெதுவெதுப்பு, வெதுவெதுப்பு, வெதுவெதுப்பு. கடைசி வரை அதே சொல்தான்.