பத்துத் தலையில் ஒன்றையாவது பிள்ளை செய்யட்டும்

பள்ளிக்கூடங்களில் நவராத்திரிக்கு நடக்கும் வாணி விழா நெருங்கினால் திருகோணமலையில் பல வீடுகளில் நடுச்சாமம் வரை லைட் எரியும். பிள்ளை படுத்திருக்கும்; அப்பா மட்டையும் பசையுமாகக் குந்தியிருப்பார். கோணேசர் கோயிலடியில், இராவணன் வாளால் பிளந்ததாகச் சொல்லப்படும் பாறைப் பிளவான இராவணன் வெட்டைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் அல்லவா, நாடகம் என்றால் இராவணன் வேஷத்துக்குப் போட்டிதான். விடியும்போது பத்துத் தலையும் தங்கக் கடதாசியில் மினுங்கும். பிள்ளை அதைத் தொடுவதே தலையில் மாட்டும்போதுதான்.

எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளராக எனக்கு இது கவலை தருகிறது. எழுதினால் கை நோகுது, பட்டன் பூட்ட வரவில்லை என்று பிள்ளையைக் கூட்டிவரும் பெற்றோரிடம், "வீட்டில கத்தரிக்கோல் குடுக்கிறனீங்களா?" என்று கேட்பேன். "ஐயோ, கையை வெட்டிப்போடுவான்" என்பதே பெரும்பாலும் பதில்.

ஒரு பிள்ளை வட்டம் வெட்டுவதைக் கிட்ட இருந்து பாருங்கள். ஒரு கை கத்தரிக்கோலைத் திறந்து மூடுகிறது. மற்றக் கை தாளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது. கண் கோட்டிலேயே நிற்கிறது. இரண்டு கையும் வேறு வேறு வேலையை ஒரே நேரத்தில் செய்யப் பழகுவது இப்படித்தான். பென்சில் பிடிக்கத் தேவையான விரல்களும் இதில்தான் உரமேறுகின்றன. பொதுவாக 3 வயதில் தாளின் ஓரத்தை நறுக்குவார்கள், 4 வயதில் நேர்கோட்டில் வெட்டுவார்கள், 5, 6 வயதில் வட்டம் வரும். கொஞ்சம் முந்திப் பிந்தினால் பயப்பட வேண்டாம்.

அப்பாவுக்கும் வேலை இருக்கிறது. தடித்த மட்டையை பிளேட்டால் அறுப்பது, சூடான பசைத் துப்பாக்கி, சுப்பர் குளூ எல்லாம் பெரியவர் கைக்குத்தான். சுப்பர் குளூவில் விரல் ஒட்டினால் பிய்க்காதீர்கள். இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிட்டு மெல்லப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் இமையை இழுத்துத் திறக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை மட்டையை நெருப்பில் சுட்டு வெட்டுவது வேண்டவே வேண்டாம், அந்தப் புகை கூடாது.

மற்றதெல்லாம் பிள்ளைக்கு விடுங்கள். பிரிஸ்டல் போர்ட்டில் மீசையும் கண்ணும் வெட்டட்டும். கோதுமை மாப் பசை காய்ச்சி ஆறவைத்துக் கொடுங்கள், விரலாலேயே பூசட்டும். மீசை கோணினால் "கொண்டா இஞ்ச, நான் வெட்டித் தாறன்" என்று பறிக்காதீர்கள். அந்த இடத்தில் பிள்ளை கத்தரிக்கோலை வைத்துவிட்டால் பிறகு எடுக்க வைப்பது பெரும்பாடு. ஆசிரியர்களே, பெரியவர் செய்த கிரீடத்தை மட்டும் மெச்சாதீர்கள். கோணல் மீசையோடு வரும் பிள்ளையிடம், இதை எப்படிச் செய்தாய் என்று ஒருமுறை கேளுங்கள்.

6 வயது தாண்டியும் நேர்கோட்டில் வெட்ட முடியவில்லை, கை சட்டென்று களைக்கிறது, பசையைத் தொடவே அழுகிறது என்றால் டொக்டரிடம் சொல்லி எங்களைப் போன்றவர்களிடம் அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு முன், பிள்ளை இடதுகையா என்று பாருங்கள். வலதுகைக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் தாள் வெட்டுப்படாமல் மடங்கும். இடதுகைக்கென்றே செய்த கத்தரிக்கோல் இருக்கிறது.