நெல்லின் உயரத்தைத் தீர்மானிக்கும் டெல்லா

நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் ஒரு சாண் தூக்கலாக, வெளிறிப்போய், ஒல்லியாக நிற்கும். பிடுங்கி நட்டாலும் பெரும்பாலும் மணி பிடிக்காமலேயே காய்ந்துவிடும். பக்கானே நோய் என்பார்கள். காரணம் ஒரு பூஞ்சை. 1926-இல் தைவானில் பணியாற்றிய ஜப்பானிய ஆய்வாளர் எய்ச்சி குரோசாவா, அந்தப் பூஞ்சையை வளர்த்த திரவத்தை வடிகட்டி, பூஞ்சை நீங்கிய வடிநீரை மட்டும் நாற்றுகளுக்குக் கொடுத்தார். அவையும் நெடுநெடுவென்று வளர்ந்தன. வடிநீரில் இருந்த பொருளுக்கு 1935-இல் தெய்ஜிரோ யபுத்தா வைத்த பெயர் ஜிப்ரெல்லின். நோயில்லாத செடிகளும் இதைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜிப்ரெல்லின் வளர்ச்சி ஹார்மோன் என்று பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் படித்திருப்போம். ஆனால் அது நேரடியாக எந்த மரபணுவையும் முடுக்கிவிடுவதில்லை. செல்லின் உட்கருவில் டெல்லா என்றொரு புரதம் இருக்கிறது. தண்டை நீளச் செய்யும் மரபணுக்களை இயக்க வேண்டிய புரதங்களை இது பிடித்துவைத்துக்கொள்ளும். டிஎன்ஏ பக்கமே போக விடாது. போட்டே வைத்திருக்கும் ஹேண்ட் பிரேக் மாதிரி. ஹார்மோனின் வேலை அதை எடுத்துவிடுவதுதான்.

எப்படி எடுக்கிறது? ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஜிஐடி1 என்ற ஏற்பிப் புரதத்தை ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழகத்தினர் 2005-இல் நெல்லில் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு குழி, குழிக்கு ஒரு மூடி. ஜிப்ரெல்லின் குழிக்குள் அமர்ந்ததும் மூடி சாத்திக்கொள்ளும். சாத்திய மூடியின் வெளிப்புறத்தில் டெல்லா வந்து ஒட்டும். ஒட்டிய டெல்லாமீது யுபிகுவிட்டின் என்ற சிறு புரதங்களைச் செல் அடையாளமாகக் கோத்துவிடும். அடையாளம் விழுந்த புரதத்தை, செல்லில் புரதங்களை நறுக்கும் புரோட்டியாசோம் துண்டு துண்டாக்கிவிடும். விடுபட்ட புரதங்கள் மரபணுக்களை இயக்க, செல்கள் நீள்கின்றன. டெல்லா குறைந்தால் ஜிப்ரெல்லின் தயாரிக்கும் மரபணுக்களும் அடங்கிவிடும் என்பதால், செடி தன் அளவைத் தாண்டுவதில்லை. பூஞ்சை சுரக்கும் ஜிப்ரெல்லினுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. நோய் கண்ட நாற்று அப்படி வளர்வது அதனால்தான்.

பசுமைப் புரட்சியின் குட்டை ரகங்கள் இந்த ஏற்பாட்டில் கைவைத்துத்தான் வந்தன, உருவாக்கியவர்களுக்கே அது தெரியாது. பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் வெளியிட்ட ஐஆர் 8, இந்தோனேசியாவின் உயரமான பேட்டா நெல்லையும் தைவானின் குட்டை நெல் ஒன்றையும் இணைத்துப் பிறந்தது. உரம் போட்டாலும் சாயாது. காரணம் 2002-இல்தான் புலப்பட்டது: ஜிப்ரெல்லின் தயாரிக்கும் நொதி ஒன்றின் மரபணுவில் 383 எழுத்துகள் காணாமல் போயிருந்தன. தண்டில் ஹார்மோன் குறைந்தது, டெல்லா அழியாமல் தங்கியது. கதிரில் அதே வேலையைச் செய்ய இன்னொரு மரபணு இருந்ததால் மகசூல் கெடவில்லை.

கோதுமையில் கதை வேறு. ஜப்பானின் நோரின் 10 வழிவந்த குட்டைக் கோதுமையில் ஹார்மோனுக்குக் குறைவில்லை, டெல்லாவே மாறிப்போய் அழிக்க முடியாததாகிவிட்டது. இதை 1999-இல் கண்டறிந்தார்கள். ஜிப்ரெல்லின் தெளித்தால் ஐஆர் 8 உயர்ந்துவிடும், அந்தக் கோதுமை அசையாது. இந்தக் குட்டை ரகங்கள் யூரியாவை அதிகம் கேட்பதிலும் டெல்லாவுக்குப் பங்குண்டு. தழைச்சத்தை எடுத்துப் பயன்படுத்தும் மரபணுக்களையும் அது அடக்குகிறது என்று சீன ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள்.

வெள்ளத்தில் இதே டெல்லாதான் பயிரின் உயிரைக் காக்கிறது. பயிர் முழுதாக மூழ்கினால் உள்ளே எத்திலீன் வாயு சேரும். அதன் தூண்டுதலில் சாதாரண ரகம் மேலே வரத் துடித்து நீளும். சேமித்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும், நீர் வடிந்ததும் துவண்டு விழும். ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற நெல்லில் உள்ள சப்1ஏ மரபணு, எத்திலீன் சேர்ந்தாலும் டெல்லாவைக் குறையவிடாது. பயிர் நீளாமல், இருப்பைச் செலவழிக்காமல் ஏறக்குறைய 2 வாரம் தாக்குப்பிடிக்கும். காவிரி டெல்டாவில் மழைக்காலத்தில் மூழ்கும் வயல்களுக்கென்று வந்த சி.ஆர். 1009 சப்1 ரகத்துக்குள் இருப்பது இந்த மரபணுதான். ஆனால் நீர் மாதக்கணக்கில் நிற்கும் வங்கதேசத்து ஆழ்நீர் நெல்லுக்கு இந்தப் பொறுமை உதவாது. அது எத்திலீனைக் கண்டதும் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் நீண்டு, இலை நுனியை நீருக்கு வெளியே வைத்துக்கொள்கிறது.