டெலிபதி: தொலையுணர்வா, எண்ணப் பரிமாற்றமா?

அறிவியல் புனைகதைகளில் ஒருவர் வாயே திறக்காமல் இன்னொருவர் மனத்துக்குள் பேசிவிடுவார். அதைத்தான் டெலிபதி என்கிறோம். பழைய மந்திரச் சொல் போல ஒலித்தாலும் இது 1882-இல் பிறந்தது. புலன்களுக்கு எட்டாத நிகழ்வுகளை ஆராய லண்டனில் அந்த ஆண்டு ஒரு கழகம் தொடங்கியது. அதைச் சேர்ந்த ஃபிரடெரிக் மையர்ஸ் உருவாக்கிய சொல். கிரேக்கத்தில் 'டெலெ' என்றால் தொலைவு, 'பாதோஸ்' என்றால் உணர்ச்சி. அதாவது தொலைவிலிருந்தே உணர்வது. பேசுவது என்ற பொருள் வேரில் இல்லை.

பின்னாளில் மனநல மருத்துவரான ஹான்ஸ் பெர்கரின் கதை இந்த வேர்ப்பொருளுக்கு அப்படியே பொருந்தும். ஜெர்மன் ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்த அவர், பீரங்கி வண்டிச் சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி: நலமா? அவருக்கு ஏதோ ஆபத்து என்று தொலைவில் இருந்த அக்கா அடம்பிடித்து, அப்பாவை அனுப்பவைத்த தந்தி அது. அக்காவுக்குச் செய்தி எதுவும் கேட்கவில்லை, மனம் பதறியது, அவ்வளவுதான். அந்தப் பதற்றத்தைச் சுமந்து வந்த ஆற்றல் எது என்று தேடிப்போன பெர்கர், 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்தார். இன்று மருத்துவமனைகளில் எடுக்கும் இ.இ.ஜி. அப்படி வந்ததுதான். தேடியது மட்டும் கிடைக்கவில்லை.

கிடைக்காததற்குக் காரணம் உண்டு. மூளை செலவிடுவது ஏறத்தாழ 20 வாட். அதில் பெரும்பங்கு நரம்பணுக்களின் சவ்வுகளில் சோடியம், பொட்டாசியம் அயனிகளை இறைக்கவே போய், கடைசியில் வெப்பமாகிறது. தலைத்தோலுக்கு வந்து சேரும் மின்னழுத்தம் சில பத்து மைக்ரோவோல்ட்தான். தலையில் மின்முனை பொருத்தினால்தான் அதுவும் தெரியும். சரி, அலை எப்படியோ அடுத்தவரை எட்டியது என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மூளையின் நரம்பிணைப்பும் வேறு. என் அலையை உங்கள் மூளை எதை வைத்துப் படிக்கும்? ஆற்றல் போய்ச் சேர்வதும் பொருள் போய்ச் சேர்வதும் ஒன்றல்ல. நல்ல புனைகதை இந்த இடைவெளியை ஏதாவது ஒரு வழியில் நிரப்பியாக வேண்டும்.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? 'மனோசக்தி' வேண்டாம், பொருளை நகர்த்துவதையும் அதே சொல்லால் குறிப்பவர்கள் உண்டு. 'தொலையுணர்வு' வேருக்கு நேரானது, ஆனால் செயற்கைக்கோளிலிருந்து நிலத்தை ஆராயும் துறைக்கும் அந்தப் பெயர் வழங்குகிறது. அதனால் அக்காவின் பதற்றம் போன்றதற்கு 'உளத்தொலையுணர்வு' என்றும், பாத்திரங்கள் மனத்தாலேயே உரையாடினால் 'எண்ணப் பரிமாற்றம்' என்றும் பிரித்து எழுதுவதே என் விருப்பம்.