வெம்ப்ளியில் புல் ஏன் பெயர்ந்தது?

1970 ஏப்ரல் 11. லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில், இங்கிலாந்துக் கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் செல்சியும் லீட்ஸும் மோதின. லீட்ஸின் ஜாக் சார்ல்டன் தலையால் முட்டிய பந்து கோலை நோக்கி மெதுவாகத்தான் வந்தது. கோட்டருகே நின்ற செல்சி டிஃபெண்டர்கள் இருவர், அது தரையில் பட்டு எழும்பும் என்று கணித்துக் காலை வீசினார்கள். பந்து எழும்பவே இல்லை. அடியில் புகுந்து கோலானது.

குதிரைப் போட்டிகளால் குலைந்துபோன தரையை மணல் கொட்டி நிரவியிருந்தார்கள். செயற்கைப் புல்தரைக்கு ஃபிஃபா வைத்திருக்கும் அளவுகோலின்படி, 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து 60 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை திரும்ப எழும்ப வேண்டும். உதிரி மணலில் அது நடக்காது. துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று உரசி நகர்வதிலேயே மோதலின் ஆற்றல் தீர்ந்துவிடும். கடற்கரையில் அலை நனைத்த ஓரத்தில் பந்து துள்ளும், நாலடி தள்ளிக் காய்ந்த மணலில் செத்துவிழும். அதே கதைதான். ஆட்டம் 2-2 என முடிய, மறு ஆட்டத்தை மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டுக்குக் கொண்டுபோனார்கள்.

2007இல் திறந்த புதிய வெம்ப்ளியில் கோளாறு வேறு. 90,000 இருக்கைகள், அத்தனைக்கும் மேலே கூரை. தெற்குக் கூரையின் பகுதிகள் வெயிலுக்காக விலகிக் கொடுத்தாலும், உயர்ந்த அரங்கின் நிழல் தரையை விடுவதில்லை. நிழலில் வளரும் புல் வெளிச்சம் தேடி மெலிந்து நீளும். குறைந்த வெளிச்சத்தில் இலை தயாரிக்கும் சர்க்கரை இலைக்கே பத்தாது, வேருக்கு என்ன மிஞ்சும்? காற்றோட்டமும் குறைவென்றால் ஈரம் காயாது, பூஞ்சை பிடிக்கும். இசை நிகழ்ச்சி, அமெரிக்கக் கால்பந்து, போதாக்குறைக்குக் கார் பந்தயம் வேறு! இவற்றால் அடிக்கடி புல் விரிப்பை மாற்ற வேண்டியிருந்தது. மூன்றாண்டுக்குள் பத்து முறை அளவுக்கு மாற்றினார்கள்.

சுருளாக வந்து இறங்கும் விரிப்பு முதல் நாளே பச்சைப்பசேலென்று கண்ணைப் பறிக்கும். ஆனால் அதன் வேர் அடியிலுள்ள மணலுக்குள் இறங்கச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை அது தரையில் போட்ட கம்பளம்தான். ஓடிவரும் வீரர் காலை ஊன்றித் திரும்பினால் பாளமாகப் பெயரும். 2010 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் டாட்டன்ஹாமின் மைக்கேல் டாசன் வழுக்கி விழ, போர்ட்ஸ்மவுத் கோல் போட்டது. செல்சி வென்ற அந்த ஆண்டு இறுதியாட்டம் முடிந்ததும், கோப்பையைத் தூக்கிய செல்சி கேப்டன் ஜான் டெர்ரியே தரையைக் கடுமையாகக் குறைசொன்னார்.

பிடிமானத்தை அளக்க எளிய கருவி உண்டு. கால்பந்துக் காலணியின் அடியில் இருக்கும் குமிழ்கள் (ஸ்டட்) ஆறு பதித்த தட்டின்மேல் எடை ஏற்றி, மொத்தம் 46 கிலோவாக்கிப் புல்லில் இறக்கித் திருகுவார்கள். ஃபிஃபாவின் அதே அளவுகோலில், திருகத் தேவைப்படும் முறுக்குவிசை 25 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் வழுக்கும். கூடினால் இன்னும் மோசம்: பாதம் தரையில் மாட்டிக்கொள்ள உடல் மட்டும் திரும்பி, முழங்கால் தசைநார் அறுந்துபோகலாம்.

2010 கோடையில் வெம்ப்ளிக்குத் தீர்வாக வந்தது கலப்புத் தரை. தையல் எந்திரம்போல ஒரு வண்டி மெல்ல நகர்ந்து, பிளாஸ்டிக் இழைகளை 20 செ.மீ. ஆழத்துக்கு மணலில் குத்திச் செல்லும். இழைக்கு இழை 2 செ.மீ. இடைவெளி என்றால் சதுர மீட்டருக்கு 2,500, மைதானம் முழுக்க ஏறக்குறைய 2 கோடி. மேலே தலைகாட்டுவது 2 செ.மீ. மட்டுமே. தரைப்பரப்பில் பிளாஸ்டிக்கின் பங்கு சுமார் 3 சதவீதம்தான் என்பதால் வீரர் ஓடுவது நிஜப் புல்லில்தான். வேர்கள் இழைகளைச் சுற்றிப் பின்னிக்கொள்கின்றன. புல் கிழிந்தாலும் மணல் கலையாது.

இதனால் நிழல் போய்விடவில்லை. சக்கரம் வைத்த விளக்குச் சட்டங்களை ஆட்டமில்லாத நாட்களில் புல்மேல் தள்ளி நிறுத்துகிறார்கள். பழைய சோடியம் விளக்கு வெளிச்சத்தோடு சூட்டையும் கொடுக்கும். எல்இடி விளக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் அந்தச் சூடு கிடைக்காது. குளிர்காலத்தில் மண்ணுக்கடியில் வெந்நீர்க் குழாய்தான் துணை.

ஆட்ட நாளில் புல்லின் உயரம் 25 மி.மீ. அளவில் இருக்கும். தொடங்குவதற்குச் சற்று முன்பு நீர் தெளிப்பார்கள். ஈரப் புல்லில் உராய்வு குறைந்து பாஸ் வேகமாகப் போகும். அளவு மிஞ்சினால் பந்து சறுக்கிக்கொண்டு ஓடிவிடும். டிவியில் தெரியும் கரும்பச்சை, இளம்பச்சைப் பட்டைகள் இரண்டு வகைப் புல் அல்ல. வெட்டும் எந்திரத்தின் உருளை புல்லை ஒரு வரிசையில் முன்னும் அடுத்ததில் பின்னுமாகச் சாய்க்கிறது. நம்மைவிட்டு விலகிச் சாய்ந்தது வெளிறித் தெரியும், நம் பக்கம் சாய்ந்தது கறுத்துத் தெரியும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவருக்கு அப்படியே தலைகீழ்.