ஆம்புலன்ஸ் வச்சிருக்கீங்களா, முதல்ல ஆர்.சி.ய எடுத்துப் பாருங்க

மோட்டார் விபத்து கேஸ் நடத்துற வக்கீல் நான். ட்ரஸ்ட், சின்ன ஆஸ்பத்திரின்னு ஆம்புலன்ஸ் ஓட்டுறவங்க வந்தா இன்சூரன்ஸ் பாலிசிய அப்புறம் தான் கேப்பேன், முதல்ல ஆர்.சி. (வண்டியோட பதிவுச் சான்று) தான். ஏன்னா பல வண்டி யாரோ நன்கொடையா குடுத்த வேனா இருக்கும், சைரன் மாட்டியாச்சு, ஸ்ட்ரெச்சர் போட்டாச்சு, ஸ்டிக்கரும் ஒட்டியாச்சு, ஆனா பேப்பர்ல அது இன்னும் சொந்த உபயோக வண்டி தான், பாலிசியும் பிரைவேட் கார் பாலிசி தான்.

"ஆம்புலன்ஸுக்கு பர்மிட்டே வேணாமே சார்"னு சொல்லுவாங்க. உண்மை தான், 1988 மோட்டார் வாகனச் சட்டம் 66வது பிரிவுல அந்த விலக்கு இருக்கு. ஆனா இன்சூரன்ஸ் சொல்றது 146வது பிரிவு, அதுல தனியார் ஆம்புலன்ஸுக்கு தப்பிக்க வழி இல்ல (அரசு வண்டி கதை வேற). இன்சூரன்ஸ் இல்லாம மாட்டினா முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், இல்ல 3 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் வரலாம். அபராதத்த கட்டிட்டு போயிடலாம்ங்க, பயப்பட வேண்டியது நஷ்டஈட்டுக்கு.

ரோட்டுல போறவர் மேல மோதினா தேர்டு பார்ட்டி கவர் (வெளி ஆளுக்கு வர்ற பாதிப்புக்கான காப்பீடு) இருக்கு. உள்ள படுத்திருக்கிற நோயாளிக்கு? கூட உக்காந்து வர்ற அவரோட பையனுக்கு? சொந்த உபயோகம்னு இல்லாம டிரான்ஸ்போர்ட் வண்டின்னு பதிவாகியிருந்தா பயணிங்களுக்கும் கவர் வேணும்னு 147வது பிரிவே சொல்லுது. பிரைவேட் கார்ல வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தா உள்ள வர்றவங்க அதுல வரமாட்டாங்க, அதுவும் வாடகை வாங்கியிருந்தா இன்சூரன்ஸ் கம்பெனி கைய விரிக்க அது ஒண்ணே போதும், மொத்த தொகையும் ட்ரஸ்ட் தலையில.

டிரைவர் லைசென்ஸ்ல ஒரு நிம்மதி. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு எல்.எம்.வி. (இலகு ரக வண்டி) லைசென்ஸே போதும்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதிங்க பெஞ்ச் சொல்லிடுச்சு. காலாவதியான லைசென்ஸ்னா வேற, கம்பெனிய முதல்ல கட்டச் சொல்லி அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோன்னு தீர்ப்பு வரும்.

சைரன் போட்டா சிக்னல தாண்டலாம், ஆனா கவனமா தாண்டணும்னு தான் விதி, மோதிட்டா அலட்சியமான்னு ட்ரிப்யூனல் (விபத்து நஷ்டஈட்ட முடிவு பண்ற தீர்ப்பாயம்) பாக்கும். வழியில ஆக்ஸிஜன் தீர்ந்துபோச்சுன்னு வர்ற கேஸுக்கு வண்டி பாலிசி உதவாது, அதுக்கு தனி இன்டெம்னிட்டி பாலிசி (சேவையில வர்ற கவனக்குறைவுக்கான காப்பீடு) எடுக்கணும்.

நன்கொடை வண்டின்னா கைமாறின 14 நாளுக்குள்ள பாலிசில பேர் மாத்த எழுதிக் குடுத்துடுங்க, அப்பவே ஆம்புலன்ஸா மாத்தினதையும் ஆர்.டி.ஓ.விலயும் கம்பெனிலயும் பதிஞ்சுடுங்க.